மூடி திறக்காத மூன்று சிலிண்டர்கள்

எனக்குப் பழிவாங்கும் குணம் உண்டு. அதை மறைத்துக்கொண்டு நல்லவள் வேஷம் போட எனக்கு வராது. என் அக்கா வீட்டுக்காரரை ஒருவன் நாலு பேர் முன்னால் அசிங்கப்படுத்தினான். அவனை மண்ணைக் கவ்வ வைக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டு நான்கு வருடம் இருந்தேன். இது அந்த மாமாவின் கதை. நடுநடுவே நானும் வருவேன். வராமல் இருக்க முடியாது, ஏனென்றால் சாவி என்னிடம்தான் இருந்தது.

மாமா விமான மெக்கானிக். நீங்கள் நினைக்கிற பெரிய விமானம் இல்லை. நான்கு பேர் உட்காரும் சின்ன விமானம், மூக்கில் ஒரே ஒரு விசிறி. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் அவருக்கு வேலை. அதே கொட்டகையின் மூலையில் இருக்கும் உதிரிபாக ஸ்டோர் என் பொறுப்பு. கம்பி வலை அடித்த அறை, ஒரு கவுண்டர், எண் ஒட்டிய முந்நூறு பெட்டிகள், கடகடவென்று சத்தம் போடும் ஒரு மின்விசிறி. வேலை இடத்தில் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று முதல் நாள் குழம்பினேன். கடைசியில் வீட்டில் போலவே மாமா என்று கூப்பிட்டுவிட்டேன். ஒரே மாதத்தில் மொத்தக் கொட்டகைக்கும் அவர் மாமா ஆகிவிட்டார். அப்புறம்தான் அவருக்கு வேறு பேர் வந்தது. அதற்கு வருகிறேன்.

மாமாவின் அப்பாவுக்கு முடிதிருத்தும் கடை. அங்கே மிதியை அழுத்தினால் ஏறுகிற ஹைட்ராலிக் நாற்காலி ஒன்று இருந்தது. வயசான பிறகு அது ஏறியபடி நிற்காமல் தானாக இறங்க ஆரம்பித்தது. மீசை ஒதுக்கிக்கொண்டிருக்கும்போதே ஆள் அரை அடி கீழே போய்விடுவாராம். தெருவில் பாதிப் பேர் கோணல் மீசையோடு அலைந்தார்கள் என்று மாமா சொல்வார். ஒரு விடுமுறை நாளில் அவரே நாற்காலியைப் பிரித்து, உள்ளே கிழிந்திருந்த ரப்பர் வளையத்தை மாற்றினார். எண்ணெயை எவ்வளவு அழுத்தினாலும் அது சுருங்காது, ஆனால் மயிரிழை இடம் கிடைத்தால் ஓடிவிடும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டதுதான், அதற்கு மேல் படிப்பில் பெரிதாக எதையும் கற்கவில்லை என்பார். அது தன்னடக்கம். தேர்வுகளில் முதலாவதாக வந்தவர் அவர்.

அவருக்கு ஒரு பழக்கம். எந்தக் குழாயைக் கழற்றினாலும் அடுத்த நொடியே அதன் வாயில் மூடி போட்டுவிடுவார். ஒரு துளி எண்ணெய் வெளியே வரக்கூடாது, ஒரு தூசி உள்ளே போகக்கூடாது. சட்டைப் பையில் எப்போதும் சின்னச் சின்னச் சிவப்பு மூடிகள் இருக்கும். வீட்டிலும் அதே கதைதான். பற்பசை, தண்ணீர் பாட்டில், பேனா எதுவும் அவர் கண்ணில் திறந்து கிடக்க முடியாது. கல்யாணத்தைப் பதிவு செய்யப் போன இடத்தில், அக்கா கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக நின்றார். இந்த ஆளோடு எப்படிக் காலம் தள்ளப்போகிறேனோ என்று அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இனி கொஞ்சம் சக்கரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அந்தக் கேப்டன் எவ்வளவு பெரிய பொய் சொன்னார் என்று உங்களுக்குப் புரியாது. எங்கள் பள்ளியில் ஒரு விமானத்துக்கு மட்டும் சக்கரங்கள் உள்ளே மடங்கும். மூன்று சக்கரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிலிண்டர். சமையலறையில் இருப்பது இல்லை. முழங்கை நீளக் குழாய், உள்ளே ஒரு தண்டு, சுற்றிலும் ரப்பர் வளையம். பம்ப் எண்ணெயைத் தள்ளினால் தண்டு இழுத்துச் சக்கரம் மேலே போகும். மேலே போனது அங்கேயே நிற்பதும் எண்ணெயின் அழுத்தத்தால்தான். ஓட்டுபவர் முன்னால் இருக்கும் லிவரை இறக்கினால் சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொள்ளும், மூன்று பச்சை விளக்கு எரியும். பம்பே செத்துப்போனாலும் அவசர வால்வைத் திறந்தால் அழுத்தம் விட்டு, சக்கரம் தன் எடையிலேயே விழுந்துவிடும். லிவரை இறக்க மறந்து வேகத்தைக் குறைத்தால் ஹாரன் அலறும். இத்தனையையும் தாண்டி ஒருவர் வயிற்றால் தரையிறங்க வேண்டுமென்றால் மெனக்கெட வேண்டும். எங்கள் கேப்டன் மெனக்கெட்டார்.

கேப்டன் என்பது தலைமைப் பயிற்சியாளர். மரியாதைக்கு அவர் இவர் என்று எழுதுகிறேன், மனசுக்குள் அவன்தான். நல்ல உயரம், மடிப்புக் கலையாத சட்டை, பையில் தங்க முனைப் பேனா. விமானம் ஓட்டுவதில் கெட்டிக்காரர், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஹாரன் சத்தம் அவருக்குத் தலைவலியாம். பயிற்சியில் அடிக்கடி வேகத்தைக் குறைப்பார்கள், அப்போதெல்லாம் அது கத்தும். அதனால் ஒட்டும் டேப்பைச் சுருட்டி ஹாரன் வாயில் திணித்துவிடுவார். மாமா ஒவ்வொரு சோதனையிலும் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுதி வைப்பார். அடுத்த வாரம் மறுபடி டேப் இருக்கும்.

ஒரு மத்தியானம் கேப்டன் யாரையோ வெளியூரில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தார். ஓடுதளத்தில் தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் விமானம் வயிற்றில் படுத்துக் கிடக்கிறது, விசிறியின் இறக்கைகள் பின்பக்கமாகச் சுருண்டிருக்கின்றன. அவருக்கு ஒரு கீறல் இல்லை. கிரேன் வருவதற்கு முன், பையை மறந்துவிட்டேன் என்று திரும்ப உள்ளே ஏறி இறங்கினார். அதற்குப் பிறகு எல்லோரும் எட்டிப் பார்த்தபோது லிவர் இறங்கிய நிலையில் இருந்தது. நான் இறக்கினேன், சக்கரம்தான் வரவில்லை, கடைசி நிமிடத்தில்தான் தெரிந்தது என்றார்.

விமானத்தைத் தூக்கி அவசர வால்வைத் திறந்ததும் மூன்று சக்கரமும் சமர்த்தாக விழுந்தன. மோதிய அதிர்ச்சியில் இறுக்கம் விட்டிருக்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொன்னார் கேப்டன். அடி பட்டிருக்கிறதா என்று பார்க்க மாமா மூன்று சிலிண்டரையும் கழற்றி, வழக்கம்போல் வாயில் மூடி போட்டு வைத்தார். அந்த நேரத்தில்தான் மாமாவின் மேஜைக்கடியில் கேப்டனின் கண் போனது. அங்கே ஒரு பிரேக் ஆயில் டின் இருந்தது. மாமா தன் ஸ்கூட்டருக்கு வாங்கி வைத்தது.

விமானத்துக்கு ஊற்றுவது சிவப்பு எண்ணெய். அதற்கென்று செய்த ரப்பரில் பிரேக் ஆயில் பட்டால் அது ஊதிப்போய்ச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். இந்தத் தொழிலில் அதைவிடக் கேவலமான தப்பு கிடையாது. கேப்டன் அந்த டின்னை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினார். அரை மணி நேரத்தில் தொட்டியிலும் குழாய்களிலும் இருந்த எண்ணெயை வடித்துக் கொட்டச் சொல்லிவிட்டார், பாதுகாப்புக்காம். விசாரணை என்று மூன்று பேர் உட்கார்ந்தார்கள். அதற்குத் தலைவர் யார் தெரியுமா? கேப்டனேதான். மாமாவுக்கு மூன்று வருடம் கையெழுத்துப் போடும் உரிமை போயிற்று. இனி அவர் ஒரு திருகாணியை முடுக்கினாலும் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

எங்கள் விமானப் பதிவேட்டில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு பாதி. ஓட்டியவர் இடப்பக்கம் குறையை எழுதுவார். மெக்கானிக் வலப்பக்கம் பதில் எழுதிக் கையெழுத்திடுவார். அன்றைய இடப்பக்கத்தில் கேப்டன் தங்கப் பேனாவால் எழுதினார்: லிவரை இறக்கினேன், சக்கரங்கள் இறங்கவில்லை. தப்பான எண்ணெய் ஊற்றினேன் என்று வலப்பக்கம் எழுதித் தரும்படி மாமாவை நெருக்கினார்கள். அவர் எழுதவில்லை. அந்தக் கட்டம் காலியாகவே நின்றது. விமானத்தைச் சரிசெய்து புதுப் பதிவேடு போட்டதும், பழையது என் ஸ்டோருக்கு வந்தது.

கூடவே அந்த மூன்று சிலிண்டரும் வந்தன. கழற்றிய பாகத்தில் சிவப்பு அட்டை கட்டி, முத்திரைக் கம்பி போட்டு, பூட்டிய கூண்டில் வைக்க வேண்டும் என்பது விதி. அட்டையில் காரணத்தைக் கேப்டன்தான் எழுதிக் கையெழுத்திட்டார்: தவறான எண்ணெய். அட்டையில் கையெழுத்திட்டவரோ வெளி ஆய்வாளரோ வந்தால்தான் முத்திரையை உடைக்கலாம். பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்று கேப்டன் நாலைந்து முறை ஆள் விட்டுச் சொன்னார். நேரில் வந்து படிவத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றேன். என் கவுண்டருக்கு முன்னால் வந்து நிற்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். வரவேயில்லை. நானும் விடவில்லை.

அன்றிலிருந்து மாமா மாமா இல்லை, பிரேக் ஆயில். முதலில் மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு நேரிலேயே. பிறகு டீக்கடையில், மளிகைக் கடையில். கெட்ட எண்ணம்கூட இல்லாமல், ஏதோ பெற்றவர்கள் வைத்த பேர் மாதிரி கூப்பிட்டார்கள். ஒருநாள் அக்கா வீட்டில் தொலைபேசி அடித்தது. அப்போது மூன்று வயதான மகள் ஓடிப்போய் எடுத்தாள். ஆமா, பிரேக் ஆயில் வீடுதான், அப்பா குளிக்கிறாங்க என்றாள். குழந்தை அதை அப்பாவின் பேர் என்றே நினைத்திருக்கிறாள். அக்கா சமையலறையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. வயிறு எரிந்தது.

மாமா வேலையை விட்டுப் போகவில்லை. லாரிப் பட்டறைகளில் நல்ல வேலைக்குக் கூப்பிட்டார்கள், மாட்டேன் என்றுவிட்டார். எந்தக் கொட்டகையில் நிமிர்ந்து நடந்தாரோ அதிலேயே சக்கரத்துக்கு கிரீஸ் வைத்தார், வயிற்றுப் பக்கத்துச் சேற்றைத் துடைத்தார். சிலிண்டருக்குள் அன்றைய எண்ணெய் அப்படியே இருக்கிறது, திறந்தால் உண்மை தெரிந்துவிடும், வெளி ஆய்வாளருக்கு ஒரு மனு எழுதுங்கள் என்று மாதம் ஒரு தடவையாவது அவரை நச்சரிப்பேன். இருக்கட்டும், அங்கேயே இருக்கட்டும் என்பார். சரி, மனுஷன் ஆற அமர ஒரு பெரிய ஆப்பு தயார் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பூனை மாதிரி பதுங்குகிறார் என்று அக்காவிடம் பெருமைகூட அடித்தேன்.

மூன்று வருடம் முடிந்து கையெழுத்து உரிமை திரும்பக் கிடைத்தது. பேர் திரும்பவில்லை.

அடுத்த வருடம் அதே விமானத்தில் ஒரு கோளாறு. சக்கரத்தை மேலே மடக்கிப் பறக்கும்போது ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை பம்ப் தானாக ஓடியது. ஒழுங்கான விமானத்தில் அழுத்தம் மணிக்கணக்கில் நிற்கும், பம்புக்கு வேலையே வராது. எங்கேயோ எண்ணெய் நழுவுகிறது என்று அர்த்தம். இரண்டு மெக்கானிக்குகள் வந்து பம்பை மாற்றினார்கள், பிறகு மின்சுவிட்சை மாற்றினார்கள். ஆறு நிமிடம் ஆறு நிமிடமாகவே நின்றது.

கேப்டனுக்கு அது அவசரமான நேரம். பள்ளியின் உரிமத்தைப் புதுப்பிக்க வெளியிலிருந்து ஆய்வாளர் வரப்போகிறார்; அந்த அம்மா திருப்தியாகப் போனால், விமானிகளுக்குத் தேர்வு வைக்கும் தேர்வாளர் பதவி கேப்டனுக்கு நிச்சயம். அதற்குள் யார் தலையிலாவது பழியைக் கட்டிவிட வேண்டும். பதிவேட்டின் இடப்பக்கத்தில் எழுதினார்: பம்ப் அடிக்கடி ஓடுகிறது, முன்பு நடந்தது போலவே தவறான எண்ணெய் காரணமாக இருக்கலாம். அதைப் படித்தபோது எனக்கு முதலில் ரத்தம் கொதித்தது. இரண்டாவது முறை படித்தபோது சிரிப்பு வந்தது. முன்பு நடந்தது என்ன என்று எந்த ஆய்வாளரும் கேட்காமல் இருக்கமாட்டாரே. அன்று சாயங்காலமே கூண்டை ஸ்டோரின் பின்பக்கத்திலிருந்து கவுண்டருக்கு நேராக இழுத்துப் போட்டேன். மேலே ஒரு புது பல்பும் மாட்டினேன்.

மாமா அந்த வரியைப் படித்துவிட்டுக் கருவிப் பெட்டியை எடுத்தார். விமானத்தை ஜாக்கியில் ஏற்றினார். இரண்டு இறக்கைக்கடியிலும் ஜாக்கி, மூக்கு தூக்கி நிற்க வாலில் கனம். குழாயில் ஒரு அழுத்தமானியை மாட்டிச் சக்கரங்களை மடக்கினார். முள் ஏறி நின்றது, பிறகு மெல்ல இறங்கியது, ஆறாவது நிமிடம் பம்ப் உறுமியது. வெளியே எங்கும் ஈரம் இல்லை. வெள்ளைத் துணியால் ஒவ்வொரு இணைப்பையும் துடைத்துப் பார்த்தார், துணி வெள்ளையாகவே இருந்தது. அப்படியென்றால் கசிவு உள்ளுக்குள். மூக்குச் சக்கரத்தின் குழாயைக் கழற்றி மூடி போட்டார். ஆறு நிமிடம். இடது சக்கரத்துக்கு மூடி. ஆறு நிமிடம். வலதுக்கும் மூடி. அப்போதும் ஆறு நிமிடம். மூன்று சிலிண்டரும் குற்றவாளி இல்லை என்று ஆனதும், மிச்சமிருந்த அவசர வால்வைப் பிரித்தார். சட்டைப் பொத்தான் அளவு ரப்பர் வளையம், அதில் நகக்கீறல் மாதிரி ஒரு வெட்டு. என்னிடம் புது வளையம் வாங்கிப் போட்டார். முள் ஏறியது, ஏறிய இடத்திலேயே நின்றது. நான் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் அங்கேயே நின்றது.

அடுத்த நாள் ஆய்வாளர் வந்தார். தடித்த கண்ணாடி, குறைந்த பேச்சு. பதிவேட்டை ஒவ்வொரு வரியாகப் படித்து, நான் எதிர்பார்த்த இடத்தில் விரலை வைத்தார். கேப்டன் அலட்சியமாகச் சிரித்து, அது பழைய கதை, இந்த மெக்கானிக் பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டார் என்றார். ஆய்வாளர் ஸ்டோரைச் சுற்றிப் பார்க்க வந்தார். புது பல்புக்கு அடியில் கூண்டு பளிச்சென்று இருந்தது. சிவப்பு அட்டைத் தேதியைப் பார்த்துவிட்டு, நான்கு வருடமாகத் தீர்க்காமல் ஒரு பாகத்தை வைத்திருக்கக்கூடாதே என்றார். நான் வாயை அடக்கிக்கொண்டு, இன்னும் மூடி திறக்கவில்லை மேடம், உள்ளே அன்றைய எண்ணெய் அப்படியே இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அப்படியானால் இன்றே திறந்து முடிவு எழுதிவிடலாம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

திரும்பினால் மாமா நிற்கிறார். முகம் பேயறைந்த மாதிரி இருக்கிறது. திறக்க வேண்டாம் என்றார்.

"என்ன மாமா இது, நாலு வருஷம் இதுக்குத்தானே காத்திருந்தீங்க?" என்றேன்.

"நான் காத்திருக்கல. பயந்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.

அப்புறம் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். விபத்து நடந்த அன்று காலை கேப்டன் அவசரப்படுத்தினார். குழந்தைக்குக் காய்ச்சல் என்று அக்கா தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். காதுக்கும் தோளுக்கும் நடுவில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு, எண்ணெயின் நிறம் தெரியாத கறுப்புப் புனலில் ஊற்றினார். மேஜைக்கடியில் இரண்டு டின்னும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. எதை எடுத்தோம் என்று அவருக்கு ஞாபகம் இல்லை. பிறகு பார்த்தபோது பிரேக் ஆயில் டின்னில் கால்பங்கு குறைந்திருந்தது. ஸ்கூட்டருக்கு எவ்வளவு ஊற்றினோம் என்பதும் ஞாபகம் இல்லை. நான்கு வருடம் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தச் சிலிண்டர்களை விட்டு வேறு வேலைக்குப் போகவும் முடியவில்லை, திறக்கவும் தைரியம் இல்லை.

நான் எவ்வளவு பெரிய முட்டாள்! பதுங்குகிறார் என்று பெருமை பேசியிருக்கிறேன். அவரைக் கேட்காமல் கூண்டை இழுத்துப் போட்டு, பல்பு மாட்டி, நானே அவரைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். உள்ளே பிரேக் ஆயில் இருந்தால் இந்தமுறை உரிமம் ஆயுளுக்கும் போய்விடும், கேப்டன் ஜெயித்துவிடுவார், அந்தப் பேர் குழந்தையோடும் ஒட்டிக்கொள்ளும். சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறேன் மாமா, ஆய்வாளர் போகட்டும் என்றேன். அவர் கூண்டின் பூட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"வேணாம், திற. உள்ள என்ன இருக்குன்னு நானும் பாக்கணும். அதுவா இருந்தா அந்தப் பேரு எனக்குப் பொருத்தம்தான்" என்றார்.

கொட்டகை நடுவில் மேஜை போட்டோம். பள்ளியின் முதலாளி, கேப்டன், பயிற்சியாளர்கள், மாணவர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஆய்வாளர் இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கேட்டார். ஒன்றில் புதிதாக வாங்கிய பிரேக் ஆயிலைச் சில துளி விட்டார். கலக்கியதும் தண்ணீரோடு கரைந்து காணாமல் போனது. சரியான எண்ணெயாக இருந்தால் கரையாமல் மேலே மிதக்கும் என்றார். முத்திரைக் கம்பியை வெட்டி, முதல் சிலிண்டரின் மூடியை அவரே திருகினார். நான்கு வருடமாக அசையாத மூடி கொஞ்சம் முரண்டு பிடித்தது. நான் டம்ளரைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

சிவப்பு என்று யாரோ ஒரு மாணவி சொன்னாள். திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் மேல் சிவப்பாக ஒரு வட்டம் மிதந்துகொண்டிருந்தது. ஆய்வாளர் ஸ்பூனால் கலக்கினார். உடைந்து, மறுபடி ஒன்றுசேர்ந்து மேலே வந்தது. இரண்டாவது சிலிண்டரும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. தண்டை உருவி ரப்பர் வளையங்களை எடுத்து, என் பெட்டியிலிருந்த புது வளையத்தோடு அளந்தார். ஒன்றுகூட ஊதவில்லை. தண்டு விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போனது.

மாமா சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். டம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான்கு வருடமாக அவருக்குக் கோபப்படக்கூட வழியில்லாமல் இருந்திருக்கிறது. தப்பு தன்னுடையதோ என்கிற சந்தேகம் அதை அமுக்கி வைத்திருக்கிறது. இப்போது எல்லாம் சேர்ந்து ஏறியது. எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. பயத்தோடு சந்தோஷமாகவும் இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆய்வாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, மாமா கேப்டனை ஜாக்கியில் நின்ற விமானத்துக்குள் உட்காரச் சொன்னார். அத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? உட்கார்ந்தார். மாமா ஒவ்வொன்றாகச் சொன்னார், சத்தம் போடவில்லை. சக்கரத்தை மடக்குங்கள் என்றார், மடங்கின. எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் கம்பியைப் பின்னால் இழுங்கள் என்றார். இப்போது ஹாரன் அலற வேண்டும். போர்வைக்குள்ளிருந்து யாரோ இருமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஆய்வாளர் கையை விட்டு, ஹாரன் வாயிலிருந்து ஒரு டேப் உருண்டையை வெளியே இழுத்தார். கையெழுத்து உரிமை திரும்பிய பிறகு மட்டும் இதை ஏழு முறை எடுத்திருக்கிறேன், ஏழு முறையும் தேதியோடு எழுதியிருக்கிறேன், எட்டாவதை நேற்று வேண்டுமென்றேதான் விட்டுவைத்தேன் என்றார் மாமா. பதுங்கவே தெரியாதவர் என்று பத்து நிமிடம் முன்புதான் நினைத்திருந்தேன், அதையும் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

லிவரைத் தொடாமல் உட்காரச் சொன்னார். ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. சக்கரம் மேலேயே இருந்தது. இப்போது இறக்குங்கள் என்றார். ஏழு நொடியில் மூன்றும் இறங்கிப் பூட்டிக்கொண்டன, மூன்று பச்சை.

"எண்ணெய் சரி, வளையம் சரி, தண்டு சரி. அப்ப சக்கரம் இறங்காம இருக்க ஒரே வழிதான் இருக்கு. அது என்ன கேப்டன்? நீங்களே சொல்லுங்க."

கேப்டன் முதலாளியைப் பார்த்தார், முதலாளி தரையைப் பார்த்தார். ஆய்வாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் கேப்டன் பேசினார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"இறக்கிட்டேன்னுதான் நெனச்சேன். பை எடுக்கப் போனப்பதான் பாத்தேன், லிவர் மேலயே இருந்துச்சு. கை தானா போயிடுச்சு. டின்னைப் பாத்ததும், ஒருவேளை நெஜமாவே எண்ணெய்தானோன்னு எனக்கே ஒரு சந்தேகம்..."

"சந்தேகம் எனக்கும்தான் இருந்துச்சு. நாலு வருஷம் இருந்துச்சு. நான் அதை யார் தலையிலயும் கட்டல" என்றார் மாமா.

கேப்டனின் பயிற்சி உரிமத்தை ஆய்வாளர் அங்கேயே நிறுத்தி வைத்தார். தேர்வாளர் பதவி போன இடம் தெரியவில்லை. அது சட்டம் செய்தது. மாமாவுக்கு அது போதவில்லை, எனக்கும்தான். முதலாளி வந்து மாமாவின் தோளைத் தொட்டு, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கச் சொல்லட்டுமா என்றார். மன்னிப்பு வேண்டாம் என்றார் மாமா. என்னைப் பார்த்துப் பழைய பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். நான் ஓடினேன். அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். பிரித்து மேஜையில் வைத்தேன். இடப்பக்கம் கேப்டனின் பழைய வரி, வலப்பக்கம் காலிக் கட்டம்.

பழைய வரியை அடித்துவிட்டு, நடந்ததை அதன் கீழே எழுதும்படி கேப்டனிடம் சொன்னார் மாமா. கேப்டன் தங்கப் பேனாவை எடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் எழுதி அனுப்புகிறேனே என்று இழுத்தார். இங்கேயே என்றார் மாமா. கேப்டன் கிறுக்கலாக ஏதோ தொடங்கினார். மாமா குனிந்து பார்த்துவிட்டு, அந்த எழுத்து வேண்டாம் என்று தடுத்தார்.

"என் பொண்ணு இப்ப எழுத்துக்கூட்டிப் படிக்கிறா. அவ படிக்கிற மாதிரி தெளிவா எழுதுங்க."

கேப்டன் எழுதினார். பெரிய பெரிய எழுத்தில், ஒவ்வொன்றாக. மாணவர்களில் ஒருவர்கூட நகரவில்லை. லிவரை இறக்க மறந்தேன் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். மாமா அவர் கையிலிருந்தே அந்தப் பேனாவை வாங்கிக்கொண்டார். நான்கு வருடம் காலியாக இருந்த கட்டத்தில், நிதானமாக, எங்கள் தொழிலில் தினமும் எழுதுகிற வரியை எழுதினார்: சோதித்தேன், விமானத்தில் பழுது இல்லை. கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவுக்கு மூடி போட்டு, அதைக் கேப்டனின் சட்டைப் பையில் செருகிவிட்டுக் கை கழுவப் போனார்.